கேள்வி கேக்குற எஸ்க்யூலைட்

உங்க ஆண்ட்ராய்டு போன்ல, நீங்க வாங்கின நாள்லேருந்தே எஸ்க்யூலைட் இருக்கு. தனி சர்வர் எதுவும் வேண்டாம். நம்ம புரோகிராமுக்குள்ளேயே உக்காந்துக்குற டேட்டாபேஸ் லைப்ரரி. ரிச்சர்ட் ஹிப் 2000ஆம் ஆண்டு வெளியிட்டது. டிபிஎம்எஸ் பேப்பர் எழுதின எல்லாருக்கும் பேராவது தெரியும். ஆனா டீபக் பண்றதுக்குன்னே அதை வேற மாதிரி கம்பைல் பண்ணலாம்னு எனக்குப் போன செமஸ்டர்லதான் தெரிஞ்சுது. தெரிய வெச்சது காஞ்சிபுரத்துப் பட்டுக் கணக்கு.

எங்க சித்தப்பா பிள்ளையார்பாளையத்துல தறி நெய்யறவர். முதலாளிகிட்டேருந்து பட்டையும் ஜரிகையையும் எடை போட்டு வாங்கிட்டு வருவாரு. புடவையை நெய்து கொடுக்கும்போது மறுபடியும் எடை போடுவாங்க. குறைஞ்சா கேள்வி வரும். கூலியில பிடிக்கிறதும் உண்டு. அதனால யார் எவ்வளவு வாங்கினாங்கங்கிற ஒரு வரி, பல நாள் உழைப்போட சம்பந்தப்பட்ட வரி.

அந்தக் கணக்கை எழுதுற சி புரோகிராம் ஒண்ணை முந்தைய பேட்ச் பாதியில விட்டுட்டுப் போயிருந்தது. அதை மினி புராஜெக்ட்டா நாங்க எடுத்தோம். ஒவ்வொரு நெசவாளருக்கும் நாலு இலக்க நம்பர். சீட்டைப் படிச்சு நம்பரையும் எடையையும் எஸ்க்யூலைட்ல ஏத்தணும், அவ்வளவுதான். சித்தப்பாவும் அவர் தெருக்காரங்க சில பேரும் கொடுத்த பழைய சீட்டுகளை வெச்சு ஓட்டிப் பார்த்தோம். எடை எல்லாம் சரி. ஆனா ஒரே நாள்ல அடுத்தடுத்து வந்த சீட்டுகள்ல, வாங்கினது ஒருத்தர், கணக்கு ஏறினது அடுத்தவர் நம்பர்ல! எரர் மெசேஜ் ஒண்ணுகூட இல்ல.

எல்லாரும் பண்றதைத்தான் முதல்ல பண்ணோம். பைண்ட் பண்ற வரிக்குக் கீழே ஒரு பிரிண்ட்எஃப் போட்டோம். நம்பர் சரியாத்தான் வந்துது. அதுக்கப்புறம் எங்க தேடுறதுன்னே தெரியல.

அப்பதான் எஸ்க்யூலைட்டோட சோர்ஸையே இறக்கினோம். மொத்த லைப்ரரியும் ஒரே பெரிய சி ஃபைலாக் கிடைக்குது. கம்பைல் பண்ணும்போது மைனஸ் டி கொடுத்து 'எஸ்க்யூலைட் டீபக்' என்ற மேக்ரோவை டிஃபைன் பண்ணா, உள்ளே தூங்கிட்டிருக்குற 6000க்கும் மேற்பட்ட அசெர்ட் வரிகள் முழிச்சுக்கும். சாதாரண பில்டில் வேகத்துக்காக அதெல்லாம் அணைஞ்சே கிடக்கும். கூடவே 'எனேபிள் எக்ஸ்ப்ளெய்ன் கமென்ட்ஸ்' மேக்ரோவையும் சேர்த்துக்கிட்டா, எக்ஸ்ப்ளெய்ன் காட்டுற ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல விளக்கம் வரும்.

நாம எழுதுற எஸ்க்யூஎல், பைட்கோடா மாறி உள்ளே ஒரு விர்ச்சுவல் மெஷின்லதான் ஓடுது. டீபக் பில்டில் 'விடிபிஇ ட்ரேஸ்' என்ற பிராக்மாவை ஆன் பண்ணா, ஒவ்வொரு கட்டளையும் ஓடும்போதே, ரெஜிஸ்டர்ல என்ன இருக்குன்னு ஸ்கிரீன்ல கொட்டும். எங்களுக்கு அசெர்ட் எதுவும் அடிக்கல. ஆனா இந்த ட்ரேஸ்ல பதில் இருந்துது: பைண்ட் பண்ணப்போ சரியா இருந்த நம்பர், இன்சர்ட் ஓடுற நேரத்துல அடுத்த நெசவாளரோட நம்பரா மாறியிருந்துது.

காரணம் இதுதான். டெக்ஸ்ட்டை பைண்ட் பண்ணும்போது கடைசி ஆர்க்யுமென்ட்டா 'ஸ்டாட்டிக்' கொடுத்திருந்தாங்க. அப்படின்னா, "இந்த மெமரியை நான் மாத்த மாட்டேன், நீ காப்பி எடுக்க வேண்டாம்"னு எஸ்க்யூலைட்டுக்கு நாம கொடுக்குற வாக்கு. ஆனா புரோகிராம், அதே நாள்ல இன்னொரு சீட்டு இருந்தா, ஸ்டெப் கூப்பிடறதுக்கு முன்னாடியே அதோட நம்பரை அதே பஃபர்ல படிச்சுக்கிட்டிருந்தது. எஸ்க்யூலைட் வாக்கை நம்பி, அப்போ அங்க இருந்ததை எழுதிடுச்சு. எல்லா நம்பரும் நாலு இலக்கம்கிறதால குப்பை எழுத்துகூட வரல. 'ஸ்டாட்டிக்'கை 'ட்ரான்சியன்ட்'னு மாத்தினோம். பைண்ட் பண்ணும்போதே எஸ்க்யூலைட் தனக்குன்னு ஒரு காப்பி எடுத்துக்கும். மறுபடி எல்லாச் சீட்டையும் ஓட்டினோம். ஒவ்வொரு கிராமும் வாங்கினவங்க கணக்குலயே ஏறிச்சு.

தறியில இழை அறுந்தா அங்கேயே நிறுத்தி முடிச்சுப் போட்டுட்டுத்தான் அடுத்த ஊடையை ஓட்டுவாங்க. மடிச்ச புடவையில அதைச் சரிபண்ண முடியாது. நம்ம டேட்டாவும் அப்படித்தான். தப்பா ஏறின வரி, சரியா ஏறின வரி மாதிரியேதான் தெரியும்.

புராஜெக்ட்ல எஸ்க்யூலைட் இருந்தா ரெண்டு பில்டு வெச்சுக்கோங்க மச்சி. டெஸ்ட் எல்லாம் டீபக் பில்டில். மெமரி மேல சந்தேகம்னா 'மெம்டீபக்', நல் பாயின்டர் மாதிரி தப்பான ஆர்க்யுமென்ட் மேல சந்தேகம்னா 'ஏபிஐ ஆர்மர்' மேக்ரோ இருக்கு. ஆனா டீபக் பில்டைக் கடைக்கு அனுப்பாதீங்க, ஏறக்குறைய மூணு மடங்கு மெதுவாகும். எந்த பில்டு ஓடுதுன்னு குழப்பம் வந்தா 'கம்பைல் ஆப்ஷன்ஸ்' பிராக்மாவைக் கேளுங்க, அதுவே லிஸ்ட் போட்டுச் சொல்லிடும்.