கை விறைக்கும் பாதை

பனி கொட்டாத நாட்டில் உட்கார்ந்துகொண்டு கைக்குளிரைப் பற்றி எழுதுகிறாரே இந்த வாத்தியார் என்று சிரிப்பீர்கள், வாசகர்களே. மார்கழி மாதத்தில் விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கோல சிலாங்கூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் புறப்பட்டுப் பாருங்கள். அப்புறம் சிரிக்கலாம்.

நம் வட்டாரத்தில் விடியலிலும் வெப்பம் 22, 23 பாகை இருக்கும். வீட்டு வாசலில் நின்றால் சுகமான குளிர்ச்சி, அவ்வளவுதான். அதே காற்றில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் கதை வேறு. தோலை ஒட்டி இருக்கும் வெதுவெதுப்பான காற்றை எதிர்காற்று ஓயாமல் துடைத்துக்கொண்டே போகிறது. இரவு பெய்த மழை சாலையிலிருந்து தெறித்துக் கை நனைந்துவிட்டாலோ, அந்த ஈரம் உலர்வதற்கு வேண்டிய சூட்டையும் நம் கையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. காற்றை முதலில் வாங்குவது ஹேண்டிலைப் பிடித்த விரல்கள்தாம்.

கம்போங் குவாந்தான் வழியாகப் பத்தாங் பெர்ஜுந்தைக்குப் போகும் சாலை ஆற்றை ஒட்டியே போகிறது. 2007-லிருந்து ஊரின் பெயர் பெஸ்தாரி ஜெயா. பழைய பெயர்தான் இன்னும் நம் வாயில் வருகிறது. மின்மினி பார்க்கப் படகேறும் இடத்தைக் கடந்தால் இரண்டு பக்கமும் செம்பனை. இங்கேதான் தென்னமரம் தோட்டம் இருக்கிறது. நம் நாட்டில் செம்பனையை முதன்முதலாக வியாபாரத்துக்கென்று பயிரிட்ட தோட்டம் அதுதான். ஆண்டு 1917, நட்டவர் ஆன்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். தென்னைமரத்தின் பெயரைத் தாங்கிய தோட்டத்தில் பனை வந்து குடியேறியது வேடிக்கைதான். அந்தக் காடுகளின் தாழ்வான இடங்களில் விடியற்காலைக் குளிர்காற்று தேங்கி நிற்கும். பாலம் ஒன்றைத் தாண்டும்போது சுரீரென்று மணிக்கட்டில் உறைக்கும்.

இந்தச் சாலையில் ஒரு காலத்தில் பால் வெட்டப் போனவர்கள் சைக்கிளில் போனார்கள். இன்று அவர்கள் பிள்ளைகள் ரவாங் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குக் காலை ஷிப்டு பிடிக்கக் கப்சாயில் பறக்கிறார்கள். பலர் சட்டையை முன்பின்னாகத் திருப்பிப் போட்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். வெளியூர்க்காரர் அதைக் கேலி செய்வார். எனக்கோ அது நம் நாட்டு மக்களின் நல்ல கண்டுபிடிப்புகளில் ஒன்று என்றே தோன்றுகிறது. காரணம் சொல்கிறேன். நெஞ்சு குளிர்ந்தால், இருதயத்தையும் நுரையீரலையும் காப்பதற்காக உடம்பு விரல்களுக்குப் போகும் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். கையுறை எவ்வளவு கனமாக இருந்தாலும் உள்ளே சூடான இரத்தம் வராவிட்டால் என்ன பயன்? பிரான்ஸ் நாட்டின் புகழ்பெற்ற சைக்கிள் பந்தயத்தில் மலை உச்சியிலிருந்து இறங்கும் வீரர்கள் செய்தித்தாளை வாங்கிச் சட்டைக்குள் நெஞ்சில் செருகிக்கொள்வார்கள். நம்மவர் சட்டையைத் திருப்புகிறார்கள். இரண்டும் ஒரே பாடம்.

ரவாங், செரண்டா, பத்தாங் காலி, ராசா என்று வடக்கே போனால் கோல குபு பாரு. 1883-ல் அணை உடைந்து பழைய கோல குபு வெள்ளத்தில் போனது. பின்னாளில் மேட்டு நிலத்தில் எழுந்த ஊருக்கு 'பாரு' ஒட்டிக்கொண்டது. இங்கே ஓர் ஒட்டுக்கடையில் தே குடிப்பது என் வழக்கம். கிளாசை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"என்ன வாத்தியாரே, மலைக்கா?" என்றார் பக்கத்து மேசைப் பெரியவர். தோட்டத்தில் கங்காணியாக இருந்தவர்.

"ஆமாங்கய்யா."

"துணிக் கையுறையோட போகாதீங்க. நனைஞ்சா அதுவே எமன்."

அவர் சொன்னது முழுக்கச் சரி. பருத்தி, தண்ணீரைக் குடித்துவிட்டு விடாது. அதன்மேல் பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையை ஓர் அளவு பெரியதாக வாங்கிப் போட்டுக்கொண்டால் காற்றும் மழையும் நுழையாது. இறுக்கமாக இருந்தால் இரத்த ஓட்டம் குறைந்து இன்னும் விறைக்கும். புறப்படுமுன் நின்ற இடத்திலேயே பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள். வழுக்கினால் அந்தக் கையுறை வேண்டாம். ரப்பர் கையுறையை உலகுக்கே ஏற்றுமதி செய்யும் நாடு இது. அந்தப் பாலை மங்கு மங்காகச் சேர்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் வெறுங்கையோடு மழையில் போவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஜப்பானில் செய்தித்தாள் போடுகிறவர்கள் ஹேண்டிலுக்கே உறை மாட்டிவிடுகிறார்கள். கையை உள்ளே விட்டு ஓட்டலாம். நம் கப்சாயின் மூதாதையான சூப்பர் கப் 1958-ல் அங்கேதான் பிறந்தது. காலுக்குக் காற்று மறைப்பு வைத்த அந்த வண்டி கையை மட்டும் வெளியே விட்டுவிட்டது.

பிரேசர் மலை 1,200 மீட்டருக்கு மேல். நூறு மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 0.6 பாகை வெப்பம் குறையும். ஆகவே உச்சியில் கோல சிலாங்கூரைவிட ஏழு எட்டுப் பாகை குறைவு. பிரிட்டிஷ் ஹைகமிஷனர் ஹென்றி கர்னி 1951 அக்டோபர் 6-ல் சுட்டுக் கொல்லப்பட்டது இந்த மலைப்பாதையில்தான். கேப் என்னும் இடத்திலிருந்து உச்சிக்குப் போகும் பழைய சாலை மிகவும் குறுகல். வண்டிகளை ஒரு நேரம் ஏறவும் மறு நேரம் இறங்கவும் விட்ட காலம் உண்டு. ஏறும்போது வேகம் குறைவு, கை தாங்கும்.

கவனம் வேண்டியது இறங்கும்போது. வளைவுக்கு வளைவு பிரேக். சாலையில் பாசியும் ஈர இலையும். விறைத்த விரல் மூளை சொன்னதைத் தாமதமாகத்தான் செய்யும். 60 கிலோமீட்டர் வேகத்தில் அரை விநாடி தாமதமானால் வண்டி எட்டு மீட்டர் முன்னே போய்விடும். விரல் நுனியில் பிரேக்கின் உணர்ச்சி மங்கினால் உடனே ஓரமாக நிறுத்துங்கள். கைகளை அக்குளில் இரண்டு மூன்று நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். சிலர் எஞ்சினையோ புகைக்குழாயையோ தொட்டுச் சூடேற்றுகிறார்கள். மரத்த விரலுக்குச் சுடுவது தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

அணை நீர் கண்ணில் படும்போது காற்று வெதுவெதுப்பாகிவிடும். மலையிலிருந்து இறங்கி வருவது நம் சிலாங்கூர் ஆறுதான். கோல குபு பாருவில் கையுறையைக் கழற்றிக் கூடைமேல் விரித்துப் போட்டால், ரவாங் போய்ச் சேருவதற்குள் காய்ந்துவிடும்.