அம்மாவின் துணிக்கொடி

அப்பா கையெழுத்துப் போடுவதற்குப் பேனாவைத் திறந்துவிட்டார். ஓய்வுபெற்றபோது கிடைத்த பணத்தில் ஒரு பெரும் பகுதி அந்தக் கையெழுத்தில் போகவிருந்தது. கிள்ளானில் உள்ள எங்கள் மூலை வீட்டின் கூரைக்கு 12 சூரிய மின்தகடுகள்: கிழக்குச் சரிவில் 6, மேற்குச் சரிவில் 6. வரைபடம் என்னுடையது. மின் பொறியியல் மாணவன் வீட்டில் இருக்கும்போது வேறொருவர் ஏன் வரைய வேண்டும் என்ற மிதப்பு எனக்கு.

வீட்டின் தென்புறத்தில் ஒரு மாமரம் இருக்கிறது. தோட்டத்தை விட்டு வந்த ஆண்டில் பாட்டி நட்டது. நிழலை அளக்காமல் வரையக்கூடாது என்பது எனக்குத் தெரியும். ஜூன் மாத விடுமுறையில் மூன்று நாள் ஏணியில் ஏறி, மணிக்கொரு முறை குறித்தேன். தீபகற்பத்தின் கடிகாரத்தை 1982இல் அரை மணி நேரம் முன்தள்ளி வைத்ததால், இங்கே சூரியன் உச்சிக்கு வருவது ஏறக்குறைய 1.15 மணிக்கு. அதைக்கூட மறக்காமல் கணக்கில் சேர்த்தேன். மரத்தின் நிழல் கூரைப் பக்கமே வரவில்லை. சாலையோரக் கால்வாயில்தான் விழுந்தது.

பேனா தாளைத் தொடும் நேரத்தில், சமையலறையிலிருந்து அம்மா கேட்டார்: "ஏன் தம்பி, டிசம்பர்ல அந்தக் கொடியில துணியே காயாதே, அப்ப உன் தகடு மட்டும் எப்படிக் காயும்?"

எனக்கு முகம் சுருங்கிப்போனது. மரத்துக்கும் வீட்டுக்கும் இடையில்தான் துணிக்கொடி. இருபது ஆண்டுகளாக அம்மா ஆண்டு இறுதியில் மட்டும் துணியை முன்வாசலுக்குக் கொண்டுபோவதை நானும் பார்த்துத்தான் வளர்ந்தேன். மழைக்காலம் என்பதால் என்று நினைத்திருந்தேன்.

கிள்ளான் வடக்கே 3 பாகையில் இருக்கிறது. ஜூனில் உச்சிவேளைச் சூரியன் நம் தலைக்கு ஏறக்குறைய 20 பாகை வடக்கே நிற்கும். நிழல் தெற்கே விழும். டிசம்பரில் 26 பாகை தெற்கே போய்விடும். நிழல் வடக்கே, அதாவது எங்கள் கூரைமேல் விழும். தகட்டைவிட 4 மீட்டர் உயர்ந்த கிளைக்கு உச்சிவேளையிலேயே 2 மீட்டர் நிழல். காலையில் இன்னும் நீளம். படித்த பாடம்தான். பரீட்சையில் கேட்டிருந்தால் முழுப் புள்ளி வாங்கியிருப்பேன்.

கொஞ்சம் நிழல்தானே என்று விடவும் முடியாது. வழக்கமான தகடு ஒன்றில் 60 கலங்கள் தொடர் இணைப்பில் இருக்கும். ஒரு கலம் உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிது. அந்த ஒன்றை நிழல் மூடினாலும், அதன் வழியாக ஓட வேண்டிய மின்னோட்டம் சுருங்கிவிடும். குழாயை ஓர் இடத்தில் மிதித்த மாதிரி. அதனால்தான் 20 கலங்களுக்கு ஒன்றாக மூன்று பைபாஸ் டையோடுகள் வைத்திருக்கிறார்கள். நிழல் பட்ட பகுதியை ஒதுக்கிவிட்டு மின்னோட்டம் சுற்றிப் போகும். ஒரு மாங்கிளையின் நுனி, தகட்டில் மூன்றில் ஒரு பங்கை விழுங்கிவிடும் என்பதே இதன் பொருள்.

"மரத்த வெட்டிட்டா வேலை சுலபம்," என்றார் தகடு பொருத்த வந்தவர். அப்பாவும் தலையாட்டினார். அம்மா ஒன்றும் பேசவில்லை. அன்றிரவு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

டிசம்பர் வரை பொறுக்கும்படி அப்பாவைக் கேட்டுக்கொண்டேன். முணுமுணுத்தபடிதான் சம்மதித்தார். விடுமுறைக்கு வந்து மீண்டும் ஏணியில் ஏறினேன். கிழக்குச் சரிவின் தென்முனையில் இரண்டு தகடுகளுக்கான இடம் பகல் 11 மணி வரை இருட்டு. அடுத்த இரண்டில் ஓரளவு. அந்த முதல் இரண்டையும் அடித்துவிட்டேன். மீதி பத்துக்கும் தகட்டுக்கு ஒன்றாக ஆப்டிமைசர். சிலர் இதை நிழலுக்கு மருந்து என்றே விற்கிறார்கள். இழந்த வெயிலை எந்தப் பெட்டியும் திருப்பித் தராது. நிழலில் நிற்கும் தகடு மற்றவற்றையும் இழுத்துக் கவிழ்க்காமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். செலவும் கூடியது. கூரைப் பக்கம் நீண்ட இரண்டு கிளைகளை மட்டும் அப்பாவே கழித்தார்.

இப்போது ஒவ்வொரு தகட்டின் கணக்கையும் அப்பா கைப்பேசியில் பார்க்கிறார். டிசம்பர் வந்தால் காலையிலேயே ஆரம்பித்துவிடுவார்: "இன்னிக்கு ஒம் மரம் எவ்வளவு தின்னுச்சு தெரியுமா?"

"ஊறுகா மட்டும் ரெண்டு தரம் கேட்டு வாங்கத் தெரியுதுல்ல," என்பார் அம்மா, ஈரத் துணியை முன்வாசலுக்குத் தூக்கிக்கொண்டே.