நீறு பூத்த நெருப்பு

ஈரலில் தோன்றிய புற்றுக்கட்டியைச் சுட்டழித்தபின் அது சிறுத்துவிடும் என்றே நம்மிற் பெரும்பாலோர் எண்ணுவர். உண்மை அவ்வாறன்று. ஊசியொன்றைக் கட்டியினுட் செலுத்தி, வானொலி மீடிறன் கொண்ட மின்னோட்டத்தாற் சூடேற்றி அழிக்கும்போது, அதனைச் சூழ்ந்த நல்ல ஈரலிலும் அரை முதல் ஒரு சென்றிமீற்றர் வரையிற் சேர்த்தே எரிக்கின்றனர். எஞ்சும் வடு கட்டியிலும் பெரிது. இலண்டனில் வாழும் என் பெரியப்பாவின் அறிக்கையில் 3 சென்றிமீற்றர் 5 ஆகியிருந்தது. “கட்டி போட்டுதோ தம்பி?” என்று தொலைபேசியில் ஓயாது கேட்டுக்கொண்டிருந்த அப்பாச்சிக்கு அந்த இலக்கத்தை எவ்வாறு சொல்வதென்று எவருக்கும் தெரியவில்லை.

கேட்கவேண்டிய கேள்வி, எரிந்த இடத்தில் இன்னும் குருதி ஓடுகின்றதா என்பதே. ஈரலுக்கு இருவழிக் குருதி உண்டு. ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு வாயினாளம் வழியாகவும், எஞ்சியது ஈரல் நாடி வழியாகவும் வருகின்றது. ஈரற் கலங்களிற் பிறக்கும் புற்றோ பெரும்பாலும் நாடிக் குருதியை உண்டே வளர்வது. அதன் உயிர்ப்பை அறிவதற்கு இவ்வேறுபாடே வழிகாட்டுகின்றது.

சாதாரணக் கழியொலிப் படத்தில் வெந்த திசுவும் வேகாத புற்றும் தெளிவாகப் பிரிந்து தெரிவதில்லை. ஆகவே கை நாளத்தின் வழியே நுண்குமிழிகளைச் செலுத்துகின்றனர். கந்தக அறுபுளோரைட்டு வாயுவை மெல்லிய கொழுப்புறையில் அடைத்த குமிழிகள் இதற்குப் பெரிதும் பயன்படுகின்றன. செங்குழியத்திலும் சிறியனவாதலால் அவை நுரையீரலின் மயிர்த்துளைக் குழாய்களையும் கடந்து செல்லும். எனினும் குருதிக்குழாயை விட்டுக் கசியமாட்டா. கழியொலி பட்டதும் விரிந்து சுருங்கி உரத்து எதிரொலிக்கும். 1968இல் அமெரிக்காவில் கிறேமியாக், ஷா என்னும் இருவர் இதய ஆய்வொன்றில் இத்தகைய எதிரொலியை வெளியிட்டதே இந்நுட்பத்தின் தொடக்கம்.

ஊசி ஏறிப் பத்து இருபது செக்கன்களில் நாடிக் குருதி ஈரலை அடைகின்றது. அடுத்த அரை நிமிடமே முக்கியமானது. வடுவின் விளிம்பில் ஒரு முண்டு பளிச்சிட்டுப் பின்னர் மங்குமாயின் புற்று எஞ்சியுள்ளதென ஐயுறுவர். முழுவதும் இருண்டே கிடக்குமாயின் அங்கு குருதியோட்டம் இல்லை. நீறு பூத்த நெருப்பென்று நாம் உவமையளவிற் சொல்லி வந்ததை, ஒருவர் திரைமுன் அமர்ந்து செக்கன் கணக்கிற் பார்க்கின்றார்! கலைப்பீடத்து மாணவனாகிய எனக்கு இது வியப்பளிப்பதில் வியப்பில்லை.

ஆயினும் ஒளிர்வதெல்லாம் புற்றன்று. சுட்ட புண்ணைச் சூழ அழற்சியினால் மெல்லிய, சீரான வளையமொன்று சிலகாலம் ஒளிரும். அதையும் முண்டையும் வேறுபடுத்துவதற்குப் பழகிய கண் வேண்டும். சூட்டினால் எழும் வாயுவும் உடனடியாகப் பார்ப்போரின் கண்ணை மறைக்கும்.

நாடிவழியே மருந்தும் அயடீன் எண்ணெயும் செலுத்தி நாடியை அடைக்கும் சிகிச்சையின் பின்னர் இம்முறையின் சிறப்பு இன்னும் புலனாகின்றது. சீ.ரி. படத்தில் அவ்வெண்ணெய் வெண்மையாய்ப் படர்ந்து, உள்ளே எஞ்சிய புற்றை மறைத்துவிடுவதுண்டு. குமிழிகளைத் தேடும் கழியொலிக்கு அத்தடை இல்லை. வாயு மூச்சோடு வெளியேறுவதால் சிறுநீரகம் தளர்ந்தோருக்கும் இது ஏற்றது.

2010இல் வெளியான திருத்திய மதிப்பீட்டு முறையும், சீ.ரி., எம்.ஆர்.ஐ. படங்களில் கட்டியின் முழு அளவை விடுத்து, நாடிக் கட்டத்தில் ஒளிரும் பகுதியையே அளக்கச் சொல்கின்றது. கழியொலிக்கோ விலா எலும்பும் குடல்வாயுவும் மறைக்கும் மூலைகள் எட்டுவதில்லை. அந்த அரை நிமிடத்தில் ஓரிடத்தை உற்றுப் பார்ப்பவர் ஈரல் முழுவதையும் பார்க்க இயலாது. வேறோரிடத்திற் புதிதாய் முளைத்தது தப்பிவிடலாம். அதனாலேயே சீ.ரி., எம்.ஆர்.ஐ. பரிசோதனைகளும் சில மாதங்களுக்கொருமுறை தொடர்கின்றன.