மலையேறிய முதலைகள்

ஸ்விட்ஜர்லாந்தில் ரூஸ் நதிப் பள்ளத்தாக்கிலே எர்ஸ்ட்பெல்டு என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. கோத்தார்டு மலை ரயில் பாதை ஏறத் தொடங்குவது இங்கேதான். நிலையத்தருகே ஓய்வு பெற்ற மின்சார இஞ்சின் ஒன்றைக் காட்சிக்கு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். முன்னும் பின்னும் நீண்டு தாழ்ந்த மூக்கு. நடுவே உயர்ந்த அறை. இதற்கு "முதலை" என்று பெயரிட்டவர் யாராயினும் உவமை தெரிந்தவரே.

இந்த முதலையை ஈன்றது நிலக்கரிப் பஞ்சம். ஸ்விஸ் நாட்டு மண்ணில் சொல்லத்தக்க நிலக்கரி கிடையாது. ரயில்கள் அந்நியர் அனுப்பும் கரியை நம்பியே ஓடின. 1914-இல் மகா யுத்தம் மூண்டதும் கரி அருமையாயிற்று, விலையும் ஏறிற்று. வண்டிகளைக் குறைத்தார்கள், இஞ்சின்களில் விறகையும் எரித்துப் பார்த்தார்கள். தலைக்கு மேலே பனிமலைகளிலிருந்து நீர் கொட்டிக்கொண்டிருக்க, அடுப்புக்குப் பிறர் கையை எதிர்பார்ப்பதா? ரிதோம் ஏரி நீரைக் குழாய்களில் இறக்கி மின்சாரம் எடுத்தார்கள். 1920-இல் கோத்தார்டு பாதையில் மின்சார ரயில் ஓடியது. 15 கிலோமீட்டர் நீளச் சுரங்கத்தில் புகையை விழுங்கிக்கொண்டு வேலை செய்த இஞ்சின்காரர்களுக்கு அன்றுதான் விமோசனம்.

1919 முதல் 1927 வரை இவ்வகை இஞ்சின்கள் 51 செய்யப்பட்டன. உடல் விண்டர்தூரில், மின்கருவிகள் ஓர்லிகோனில். அக்காலத்து மோட்டார்கள் பெரியவை. சக்கரங்களின் இடையே அடங்கா. ஆகவே மூக்கு ஒன்றுக்கு இரண்டாக மேலே வைத்து, உலோகக் கோல்களால் சக்கரங்களைச் சுழற்றினார்கள். உடலை மூன்று துண்டுகளாக்கிக் கீலிட்டதால், ஏறக்குறைய இருபது மீட்டரான அந்த நீளம் கூர்மையான வளைவுகளிலும் நெளிந்து சென்றது. இறக்கத்தில் நடந்ததுதான் எனக்குப் பெரிய வியப்பு. கீழே உருளும் வண்டியின் வேகமே மோட்டார்களைச் சுழற்றும். அவை மின்சாரம் பிறப்பித்துக் கம்பிக்கே திருப்பித் தரும். ஏறும்போது வாங்கிய கடனில் ஒரு பங்கை இறங்கும்போது அடைப்பது! வகுப்பில் இதைச் சொன்னால் கணக்கில் பின்தங்கிய பையனும் நிமிர்ந்து உட்காருகிறான்.

நம் நாட்டுக்கும் இந்த முதலைகளின் உறவினர் வந்ததுண்டு. பம்பாய்க்கும் புனாவுக்கும் இடையே போர்காட் மலைச்சரிவில் சரக்கு வண்டிகளை இழுக்க 1928 முதல் வந்தவற்றில் முதலில் வந்தவை விண்டர்தூரில் செய்தவையே. அங்கே 37 அடிக்கு ஓர் அடி ஏற்றம். கோத்தார்டில் ஏறக்குறைய அதே அளவு. மராட்டியர் கண்ணுக்கு அது முதலையாகத் தோன்றவில்லை. "கேக்டா" என்றார்கள், அதாவது நண்டு.

எர்ஸ்ட்பெல்டிலிருந்து மலையுச்சிச் சுரங்கத்தின் வாயிலான கோஷெனென் வரை, ஏறக்குறைய 29 கிலோமீட்டரில், 634 மீட்டர் ஏற வேண்டும். நான் ஏறிய வண்டியில் கூட்டமில்லை. 2016-இல் மலையடியில் 57 கிலோமீட்டர் நீளப் புதுச் சுரங்கம் திறந்தபின், அவசரக்காரர்கள் அந்த வழியே போய்விடுகிறார்கள். முதலைகளும் 1980-களிலேயே வேலையை விட்டுவிட்டன.

வாஸென் என்ற ஊரில் வெண்ணிற மாதாகோயில் ஒன்று குன்றின்மேல் நிற்கிறது. முதலில் அதை அண்ணாந்து பார்த்தேன். வண்டி மலைக்குள் புகுந்து வளைந்து வெளிவந்தது. கோயில் எதிரே நின்றது. மீண்டும் இருள், மீண்டும் ஒளி. எதிரே அமர்ந்திருந்த பாட்டி ஜன்னலைச் சுட்டிக் கீழே பார்க்கும்படி சைகை காட்டினாள். அதே கோயில், உள்ளங்கையளவாய்ப் பள்ளத்தில் இருந்தது.