பெரியதா, பொருத்தமானதா?

ஈப்போவில் உள்ள ஒரு பட்டறைக்கு இளைஞர் ஒருவர் தம் தந்தையின் பழைய மகிழுந்தைக் கொண்டு வந்தார். இயந்திரம் சூடானபின், சமிக்ஞை விளக்கில் வண்டி நிற்கும்போதெல்லாம் எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் சிவப்பு விளக்கு மினுக்கியது.

"அண்ணே, எண்ணெய்ப் பம்பு பழுதாகிவிட்டது போலிருக்கிறது. இருப்பதிலேயே பெரிய பம்பைப் போட்டுவிடுங்கள்," என்றார். அதற்காகவே இரண்டு மாதமாகப் பணம் சேர்த்திருந்தார்.

பட்டறைக்காரர் அவசரப்படவில்லை. முதலில் எண்ணெயின் அளவைப் பார்த்தார். அது சரியாக இருந்தது. பிறகு அழுத்தமானியைப் பொருத்தினார். நிமிடத்திற்கு 1,000 சுற்றுக்கு ஏறக்குறைய 10 பி.எஸ்.ஐ. அழுத்தம் வேண்டும் என்பது பழைய பட்டறைக் கணக்கு. முள் அதில் பாதியைக்கூடத் தொடவில்லை. கையேட்டில் குறித்த அளவுக்கும் அது குறைவுதான்.

அவர் வாசலில் கிடந்த ரப்பர் குழாயைக் காட்டினார்.

"தம்பி, குழாயின் வாயை விரலால் அழுத்தினால் நீர் பீய்ச்சி அடிக்கும். விரலை எடுத்தால் வேகம் குறையும். பம்பு எண்ணெயைத் தள்ள மட்டுமே செய்கிறது. சுழலும் தண்டுக்கும் பேரிங்குக்கும் இடையிலுள்ள நுண்ணிய இடைவெளி அதைத் தடுப்பதால்தான் அழுத்தம் உண்டாகிறது. பேரிங் தேய்ந்தால் இடைவெளி பெரிதாகும், அழுத்தம் குறையும். பெரிய பம்பு போட்டால் விளக்கு அணையலாம், தேய்மானம் நிற்காது."

"பெரிய பம்பால் கெடுதல் இல்லையே, அண்ணே?"

"உண்டு. அழுத்தம் வரம்பை மீறினால் ஒரு வால்வு திறந்து, மிகுதியான எண்ணெயைத் திருப்பி அனுப்பிவிடும். அந்த வீண் வேலைக்கும் இயந்திரத்தின் சக்திதான் செலவாகும், எண்ணெயும் சூடேறும். இடைவெளியைக் கூட்டி அமைத்த பந்தய வண்டிக்குப் பெரிய பம்பு தேவைப்படலாம். இது உங்கள் அப்பா வேலைக்குப் போய்வரும் வண்டி."

இயந்திரத்தின் அடித்தொட்டியைக் கழற்றியபோது உண்மை தெரிந்தது. பேரிங்குகள் தேய்ந்திருந்தன. எண்ணெயை உறிஞ்சும் வலையில் கசடு படிந்திருந்தது. பம்பின் பற்சக்கரங்களிலும் கீறல்கள் இருந்தன. நல்ல வேளையாகத் தண்டு தப்பியிருந்தது. இன்னும் சில வாரங்கள் அப்படியே ஓட்டியிருந்தால் இயந்திரமே இறுகி நின்றிருக்கக்கூடும்.

பட்டறைக்காரர் வலையைச் சுத்தம் செய்து, புதிய பேரிங்குகளைப் பொருத்தினார். பெரிய பம்பைத் தேடாமல், அந்த இயந்திர வகைக்கென்றே அமைந்த பம்பை வாங்கினார். தொடக்கத்தில் அது வறண்டு சுழலாதிருக்க, உள்ளே எண்ணெய் ஊற்றிய பின்னரே பூட்டினார்.

இளைஞர் சேர்த்த பணம் கரைந்தது. ஆயினும், வீடு திரும்பும் வழியில் ஒவ்வொரு சமிக்ஞை விளக்கிலும் அவர் கண்கள் அந்தச் சிவப்பு விளக்கைத் தேடின. அது மினுக்கவே இல்லை.

எச்சரிக்கை விளக்கை அணைப்பது எளிது. அது எதற்காக எரிகிறது என்று அறிந்த பிறகே பொருத்தமான பொருளைத் தேர்ந்தெடுக்க முடியும்.