ஃபெரட்டுக்குப் பச்சைக்கறி கொடுக்கலாமா?

1/ சிகாகோவில் இருக்கும் தங்கை கேட்டாள். மகள் வளர்க்கும் ஃபெரட்டுக்கு, கீரி மாதிரி நீளமா இருக்குமே அதுக்கு, ஃப்ரீஸ் ட்ரை செய்த பச்சைக்கறி வாங்கலாமா? "நல்லா காய்ஞ்சதுதானே அண்ணா, கிருமி செத்திருக்காதா?"

2/ எல்லாம் சாகாது. பிறந்த குழந்தைக்குப் போடும் பிசிஜி தடுப்பூசியே, உயிருள்ள கிருமியை இப்படி உறைய வைத்து உலர்த்தியதுதான். சால்மோனெல்லாவும் தாக்குப்பிடிக்கும். ஈரம் பட்டால் விழித்துக்கொள்ளும்.

3/ ஃபெரட் சுத்த மாமிச உண்ணி. குடல் குட்டை, தின்னது மூணு நாலு மணி நேரத்தில் வெளியே வந்துடும். தானியம், பழம் ஒத்துக்காது. அதனால் கறி கட்டாயம். பச்சையா வேணுமா என்பதுதான் கேள்வி.

4/ 1933-ல் லண்டனில் மனித ஃப்ளூ வைரஸைப் பிரித்ததே, நோயாளிகளின் தொண்டைக் கழுவலை ஃபெரட் மூக்கில் விட்டுத்தான். பறவைக் காய்ச்சலும் அதுக்கு வரும். 2024-ல் ஓரிகனில் உறைய வைத்த பச்சை வான்கோழிக்கறி தின்ற பூனை ஒன்று அதில்தான் இறந்தது.

5/ தங்கை வீட்டில் மாமியாருக்கு கீமோ ஓடுது. வெள்ளணு குறைஞ்ச உடம்பில் சால்மோனெல்லா வெறும் வயிற்றுப்போக்கோடு நிற்காது, ரத்தத்தில் ஏறும்.

6/ அதனால் சொன்னேன்: கீமோ முடியட்டும். இப்போ தர்ற வேகவைத்த தீனியில் முதல் பொருளா கறி இருந்தால் அதுவே போதும். பிறகு வாங்கினாலும், உயர் அழுத்தத்தில் கிருமி குறைத்ததுன்னு பாக்கெட்டில் இருக்கணும். மிச்சத்தைக் கொட்டிடு, கையை சோப்பு போட்டுக் கழுவு.

"பாப்பா கோவிச்சுக்குவாளே அண்ணா?"

கோவிச்சுக்கட்டும். பாட்டி நல்லா இருக்கணும்.