எங்கள் கிணற்று உப்பு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. வேதியியல்)

சுற்றுச்சூழல் பாடத்தின் முதல் வகுப்பிலேயே பேராசிரியர் அவர்கள் பாலாற்றைப் பற்றிப் பேசினார். வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை என்று அவர் அடுக்கியபோது என் தலை தானாகக் குனிந்தது. டேனரியில் என் தந்தை வாங்கும் கூலியில்தான் நான் படிக்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது வீட்டுக் கிணற்று நீரை ஒரு பாட்டிலில் பிடித்து வந்தேன். ஆய்வகத்தில் குளோரைடு அளவிடும் சோதனை நடந்துகொண்டிருந்தது. பொட்டாசியம் குரோமேட் சேர்த்து மஞ்சளாக்கிய நீரில் வெள்ளி நைட்ரேட்டைத் துளித்துளியாக விட வேண்டும். குளோரைடு தீர்ந்ததும் செங்கல் நிறம் தோன்றும். கல்லூரிக் குழாய் நீரில் சீக்கிரமே தோன்றிவிட்டது. எங்கள் கிணற்று நீரிலோ, பியூரெட் முழுதும் காலியான பின்னும் மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது! “வெள்ளி நைட்ரேட் என்ன விலை தெரியுமா தம்பி? நல்ல தண்ணீர் கலந்து நீர்க்கச் செய்துவிட்டுப் போடக் கூடாதா?” என்று ஆய்வக உதவியாளர் கடிந்துகொண்டார். அவர் கோபமும் நியாயமே.

தோல் அழுகாதிருக்க உப்பிட்டு அனுப்புகிறார்கள். தொட்டியில் ஊறவைக்கும்போது அந்த உப்பு கரைந்து கழிவுநீரோடு போகிறது. குரோமியத்தைச் சுண்ணாம்பிட்டுப் படிய வைத்துவிடலாம். உப்பு அப்படிப் படியாது. சவ்வு வழியே நீரை அழுத்திப் பிரித்து, எஞ்சியதைக் காய்ச்சி வற்ற வைக்க வேண்டும். அதற்கு ஆகும் செலவு பெரிது. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை, வேலூர்ப் பகுதித் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கில், 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் நாட்டின் சட்டமாக ஏற்றது. அப்போது நான் பிறக்கவேயில்லை. எங்கள் கிணறு இன்றும் கரிக்கிறது.

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். படித்தவன் என்ற மிடுக்கு என் பேச்சில் சற்று இருந்திருக்க வேண்டும்.

“அந்த உப்புலதாண்டா உனக்கு பீஸ் கட்டினேன்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து அவரே தொடர்ந்தார்: “தொட்டியில போடறதுக்கு முன்னாடி தோலை உதறிதான் போடறோம். உதறின உப்பை மூலையில மேடா கொட்டி வச்சிருக்காங்க. மழை பேஞ்சா அது எங்க போவும்? உன் புஸ்தகத்துல அது இருக்குதா?”

இல்லை. நோட்டை எடுத்துக்கொண்டு அருகில் அமர்ந்தேன். ஒரு தோலை உதறினால் எவ்வளவு உப்பு விழும் என்று கேட்டேன்.

அப்பா வெடித்துப்போன இரு கைகளையும் சேர்த்துக் குவித்துக் காட்டினார்.